ஹஜூர் கச்சேரி: திருவனந்தபுரம் அரசுச் செயலகத்தின் கட்டடமும் பெயர்களும்

முன்னுரை

தென்னிந்தியக் கல்வி வரலாற்றை ஆராய்வோர் தவறாது எடுத்தாளும் ஆவணங்களுள் ஒன்று, ஆய் மன்னன் கருநந்தடக்கன் வெளியிட்ட செப்பேடு. கி.பி. 866-ஐச் சேர்ந்த இச்செப்பேடு தமிழ் ஆய்வு நூல்களில் ஒரே பெயரால் வழங்கப்படவில்லை. 'பார்த்திவபுரம் செப்பேடு' என்பர் சிலர். 'பார்த்திவசேகரபுரம் செப்பேடு' என்பர் வேறு சிலர். 'ஹஜூர் அலுவலகச் செப்பேடு', 'உசூர் கச்சேரிப் பட்டயம்' என்பாரும் உளர். முதல் இரண்டும் செப்பேடு எந்த ஊருக்காக எழுதப்பட்டதோ அவ்வூரைச் சுட்டுவன. பின்னிரண்டும் அச்செப்பேடு பிற்காலத்தில் எங்கிருந்ததோ அவ்வலுவலகத்தைச் சுட்டுவன. ஒன்பதாம் நூற்றாண்டின் தமிழ் ஆவணம் ஒன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைபெற்ற ஓர் அரசு அலுவலகத்தின் பெயரைத் தாங்கி நிற்பதே இதனால் விளைந்த நிலை.

அந்த அலுவலகத்திற்கு 1869-இல் எழுந்த கட்டடமே இன்றைய கேரள அரசின் தலைமைச் செயலகம். அக்கட்டடத்தின் வரலாற்றையும் அமைப்பையும், அதனோடு ஒட்டிவந்த பெயர்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது. ஆட்சி நடைபெறும் இடத்தின் பெயர் ஆட்சியின் பெயராகவே மாறுவது பல மொழிகளில் காணப்படும் வழக்கு. அவ்வழக்கை அறியாமல் பழைய ஆவணங்களைப் படிப்பதும் பெயர்ப்பதும் பிழைக்கு இடந்தரும் என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

1. விழிஞ்ஞமும் ஆய் அரசின் ஆவணமும்

திருவனந்தபுரம் செயலகத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவில் உள்ள கடற்கரையூர் விழிஞ்ஞம். பழந்தமிழ் ஆவணங்களில் இது 'விழிஞம்' என வழங்கும். மலையாள ஒலிமரபில் ஞகரம் இரட்டித்து 'விழிஞ்ஞம்' ஆயிற்று. பிற்கால ஆய் மன்னர்களின் தலைநகராகவும் துறைமுகக் கோட்டையாகவும் இவ்வூரை வரலாற்றறிஞர் கருதுகின்றனர். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியன் சடையவர்மன் பராந்தகன் நெடுஞ்சடையன் விழிஞத்தை அழித்து வேள் மன்னனை வென்ற செய்தியை அவன் செப்பேடு கூறுகிறது. விழிஞத்தையும் சாலையையும் சோழர் வென்ற செய்தியைக் கலிங்கத்துப்பரணியும் நினைவுகூர்கிறது. பாண்டியரும் சோழரும் மாறி மாறிக் கைப்பற்ற முயன்ற ஊர் என்பதே அதன் சிறப்பைக் காட்டப் போதுமானது.

ஆயின் அவ்வூரில் ஆய் மன்னரின் ஆட்சிக் கட்டடம் எதுவும் இன்று காண்பதற்கில்லை. சிறு குடைவரைக் கோயில் ஒன்று உண்டு. அதன் முகப்பில் சிவனுருவங்கள் முற்றுப்பெறாத நிலையில் உள்ளன. கேரளப் பல்கலைக்கழகத் தொல்லியலார் நடத்திய அகழாய்வில் மேற்காசிய மட்கலச் சில்லுகள் கிடைத்துள்ளன. இவை வழிபாட்டிற்கும் வணிகத்திற்கும் சான்றாவன. ஆட்சி எவ்வாறு நடந்தது என்பதை அறியச் செப்பேட்டையே நாடவேண்டியுள்ளது.

அச்செப்பேட்டின் செய்தி வருமாறு: கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடமிருந்து உழக்குடிவிளை என்னும் நிலத்தைப் பெற்றான். அதனை வலிந்து கொள்ளவில்லை. மாற்றாக வேறு நிலம் கொடுத்தே பெற்றான். அங்கே திருமாலுக்குக் கோயில் எடுத்து, ஊருக்குப் பார்த்திவசேகரபுரம் எனப் பெயரிட்டு, காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு 95 சட்டர்களுக்கு ஒரு சாலை அமைத்தான். இவர்களுள் பவிழிய சரணத்தார்க்கு 45 இடம், தைத்திரிய சரணத்தார்க்கு 36, தலவகார சரணத்தார்க்கு 14 என ஒதுக்கீடும் வகுக்கப்பட்டது. சாலைக்குள் ஆயுதம் கொண்டு வருதல், பூசலிடுதல், சூதாடுதல் ஆகியவற்றிற்குத் தடையும் தண்டமும் விதிக்கப்பட்டன. ஆவணத்தின் நாள் கலியுக நாளெண்ணாக 14,49,087 என்று குறிக்கப்பட்டிருப்பதால் அதன் காலத்தை ஐயமின்றிக் கணிக்க முடிகிறது.

மொழியாய்வாளர் கருதத்தக்க தொடர் ஒன்று இதில் உண்டு. சாலையில் சேர விரும்புவோர்க்கு வேண்டிய தகுதிகளாக இலக்கணம், மீமாம்சை, புரோகிதம் ஆகியவற்றோடு 'த்ரைராஜ்ய வ்யவஹாரம்' என்பதும் கூறப்படுகிறது. மூன்று அரசுகளின் நடைமுறை என்பது இதன் நேர்பொருள். சேர, சோழ, பாண்டிய நாடுகளின் ஆட்சி வழக்காறுகளை அறிந்திருத்தல் என இதற்குப் பொருள் கொள்வர். அவ்வாறாயின், வேதம் ஓதுவோர்க்கான இடமாக மட்டுமன்றி, ஆட்சி நடைமுறை அறிந்தோர் கூடிய இடமாகவும் சாலை விளங்கியது எனலாம். ஆவணம் எழுதப்பட்ட மொழி தமிழ். கலைச்சொற்களோ பெரும்பாலும் வடமொழி. ஆட்சி மொழி ஒன்றாகவும் ஆட்சிக் கலைச்சொற்கள் வேறொன்றிலிருந்து பெறப்பட்டனவாகவும் இருக்கும் இந்நிலை, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் இதே நிலப்பகுதியில் வேறு மொழிகளைக்கொண்டு தொடர்ந்ததைப் பின்னர்க் காண்போம்.

2. மந்திரசாலையிலிருந்து கச்சேரிக்கு

திருவிதாங்கூர் அரசின் தலைநகர் 1795 வரை பத்மநாபபுரம். இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருப்பினும், அங்குள்ள அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. அரண்மனையின் மேல்தளத்தில் மன்னர் அமைச்சரோடு கூடும் மந்திரசாலை இருக்கிறது. மரத்தாலான சாய்வுச் சட்டங்களும் வண்ண மைக்காத் தகடு பதித்த சாளரங்களும் பளபளக்கும் கருந்தரையும் உடைய சிறிய அறை அது. நாட்டின் ஆலோசனை முழுவதும் அந்த ஓர் அறைக்குள் அடங்கியது. எழுத்தரும் கணக்கரும் ஓலைக்கட்டுகளோடு பணியாற்றுவதற்கான தனிப் பேரலுவலகம் என்ற கருத்து அங்கே இல்லை. ஆட்சி என்பது அரண்மனையின் ஒரு பகுதி.

இந்நிலையை மாற்றியவர் கர்னல் மன்றோ. பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த அவர் 1811 முதல் 1814 வரை திவான் பதவியையும் வகித்தார். காரியக்காரர் என்னும் பதவி தாசில்தார் என மாறியது, நீதிமன்றங்கள் நிறுவப்பட்டன, கோப்புகளைக் கொண்டு இயங்கும் செயலக முறை புகுந்தது. ஹஜூர் கச்சேரி எனப்பட்ட தலைமை அலுவலகம் அக்காலத்தில் கொல்லத்தில் இருந்தது. சுவாதித் திருநாள் ஆட்சியில், 1830 அளவில், அது திருவனந்தபுரத்திற்கு மாற்றப்பட்டது. கோட்டைக்குள் அரண்மனைக்கும் பத்மநாபசுவாமி கோயிலுக்கும் அருகிலேயே அலுவலகங்கள் இயங்கின. ஆட்சி முறை மாறியபோதும் ஆட்சியின் இடம் அரண்மனைச் சூழலை விட்டு நீங்கவில்லை என்பது கருதத்தக்கது.

அந்நீக்கம் நிகழ்ந்தது ஆயில்யம் திருநாள் ஆட்சியில் (1860-1880). அப்போது திவானாக இருந்தவர் சர் டி. மாதவராவ். 1828-இல் கும்பகோணத்தில் தஞ்சை மராத்தியர் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தந்தை ரங்கராவும் தந்தையின் உடன்பிறந்தாராகிய வெங்கடராவும் அவருக்கு முன்பே திருவிதாங்கூர்த் திவான்களாக இருந்தவர்கள். சென்னை உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலக் கல்வி பெற்ற மாதவராவ், 1872 வரை திவானாக இருந்து பின்னர் இந்தூரிலும் பரோடாவிலும் அதே பதவியை வகித்தார். அரசின் கடன் தீர்ப்பு, வரிச் சீர்திருத்தம், சாலைகள், கல்விக்கூடங்கள் என்னும் அவருடைய பணிகளின் வரிசையில் புதிய கச்சேரிக் கட்டடமும் ஒன்று.

3. கட்டடம்

1865 டிசம்பர் 7-ஆம் நாள் ஆயில்யம் திருநாள் அடிக்கல் நாட்டினார். கட்டுமானத்தை நடத்தியவர் அரசின் தலைமைப் பொறியாளர் வில்லியம் பார்ட்டன். மராமத்துத் துறை அப்போதுதான் தனித்துறையாக வடிவம் பெற்றிருந்தது. 1869-இல் பணி முடிவுற்றது. மக்கள் வழக்கில் அது 'புத்தன் கச்சேரி' ஆயிற்று. பார்ட்டனின் பெயர் நகரின் 'பார்ட்டன் ஹில்' என்னும் குன்றுப் பகுதியின் பெயரில் இன்றும் உள்ளது.

இடத் தேர்வே முதலில் கருதத்தக்கது. தெற்கே கோட்டை, அங்கே கோயிலும் அரண்மனையும். வடக்கே பாளையம், அங்கே படைமுகாம். இவ்விரண்டையும் இணைக்கும் நெடுஞ்சாலையின் ஓரத்தில், இரண்டிற்கும் இடைப்பட்ட மேட்டு நிலத்தில், சாலையை நோக்கிய முகப்போடு கட்டடம் எழுந்தது. கோயில் மதிலையும் அரண்மனை மதிலையும் கடவாமலே சென்றடையக்கூடிய ஆட்சியிடமாக அது அமைந்தது.

கட்டடத்தின் அமைப்பு தெளிவானது. நடுவில் உயர்ந்த தர்பார் மண்டபம். அதன் இருமருங்கும் சமமாக நீளும் இரு சிறகுகள். மண்டபத்தின் முன்னே உயர்ந்த தூண்கள் தாங்கும் முக்கோண முகப்பு; சிறகுகளின் முன்னே தூண் வரிசையோடு கூடிய நீண்ட தாழ்வாரங்கள். சுவர்கள் வெண்ணிறம். இப்பாணியை 'ரோமானிய-டச்சு' என்று அரசுக் குறிப்புகள் கூறும். தூண்களும் முக்கோண முகப்பும் பழைய ரோமானியக் கட்டடக்கலையின் வழிவந்த பொதுமரபு. அக்காலத்தில் கொல்கத்தாவிலும் சென்னையிலும் அரசுக் கட்டடங்களுக்கு இதுவே வழக்கம். எனவே பாணியின் பெயரைவிட அதன் பயன் கருதத்தக்கது. உயர்ந்த கூரையும் ஆழ்ந்த தாழ்வாரமும் பருவமழைச் சாரலையும் வெயிலையும் தடுத்துக் காற்றை உள்ளே விடுவன. கோப்போடு வருவோரும் மனுவோடு வருவோரும் காத்திருக்க இடந்தருவதும் தாழ்வாரமே.

பத்மநாபபுரத்து மந்திரசாலையோடு இதனை ஒப்பிட்டால் மாற்றத்தின் அளவு விளங்கும். அங்கே மரம், இங்கே செங்கல்லும் சாந்தும். அங்கே மேல்தளத்தில் மறைவான ஒரே அறை. இங்கே சாலையிலிருந்தே காணத்தக்க நீண்ட முகப்பும் வரிசையான அறைகளும். ஒவ்வோர் அறைக்கும் ஒரு துறை, ஒவ்வொரு துறைக்கும் ஒரு கோப்பு வரிசை என்ற செயலக முறையே கட்டடத்தின் நீள அமைப்பாக வெளிப்பட்டது எனலாம். ஆயினும் நடுவிடம் மன்னரின் தர்பாருக்கே ஒதுக்கப்பட்டது. பழைய ஆட்சி நடுவிலும் புதிய ஆட்சி இருமருங்கிலும் அமைந்த கட்டடம் இது.

இக்கட்டடம் எழுந்த பதினோராண்டுக்குள், 1880-இல், இதே நகரில் ராபர்ட் சிஷோம் வடிவமைத்த நேப்பியர் அருங்காட்சியகம் முடிவுற்றது. அங்கே கேரளத்துச் செங்குத்துச் சரிவுக் கூரையும் மர வேலைப்பாடும் கலந்தன. அருங்காட்சியகத்திற்கு உள்நாட்டு மரபும் அலுவலகத்திற்கு ஐரோப்பிய மரபும் ஏற்கப்பட்டது அக்கால மனப்போக்கை உணர்த்தும்.

பின்வந்த ஆண்டுகளில் கட்டடத்தின் பயன் விரிந்தது. ஸ்ரீமூலம் திருநாள் 1888-இல் அமைத்த சட்டமன்றக் குழு, இந்தியச் சமஸ்தானங்களில் முதலாவதாகும். அதன் முதற்கூட்டம் 1888 ஆகஸ்டு 23-ஆம் நாள் திவானின் அறையில் நடைபெற்றது. 1904-இல் தொடங்கிய ஸ்ரீமூலம் பிரஜா சபையோ, இதன் அருகிலுள்ள விக்டோரியா ஜூபிலி மண்டபத்தில் கூடியது. 2019-இல் அய்யன்காளி மண்டபம் எனப் பெயர் பெற்றது அதுவே. 1930களின் இறுதியில் செயலக வளாகத்திலேயே சட்டமன்றக் கூடம் எழுந்தது. 1957 ஏப்ரல் 5-ஆம் நாள் பொறுப்பேற்ற ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அமைச்சரவை இவ்வளாகத்திலிருந்தே செயற்பட்டது. 1998-இல் பாளையத்தில் புதிய சட்டமன்றக் கட்டடம் திறக்கப்படும் வரை கேரளச் சட்டமன்றம் இங்கேயே கூடியது. பழைய கட்டடத்தின் வடக்கிலும் தெற்கிலும் புதிய தொகுதிகள் சேர்க்கப்பட்டபோதும் நடு முகப்பு மாறவில்லை.

4. சொல்லும் இடமும்

இக்கட்டடம் தாங்கிய பெயர்கள் மொழி அடுக்குகளாக அமைந்துள்ளன. 'ஹஜூர்' என்பது அரபு மூலத்தது. முன்னிலை, சந்நிதி என்னும் பொருளுடையது. பாரசீக, மராத்திய ஆட்சி வழக்குகளின் வழியாகத் தெற்கே வந்தது. நீதிமன்ற வழக்கில் நாம் கூறும் 'ஆஜராதல்' என்பதும் இதே வேர்ச்சொல்லின் கிளை. ஆகவே 'ஹஜூர் கச்சேரி' என்பது மேலவரின் முன்னிலையில் நடைபெறும் அலுவலகம் எனப் பொருள்படும். 'தர்பார்' என்னும் பாரசீகச் சொல்லின் முற்பகுதியாகிய 'தர்' கதவைக் குறிப்பது. 'திவான்' என்னும் சொல் பதிவேட்டில் தொடங்கி, அதை வைத்திருக்கும் அலுவலகத்தையும் அலுவலகத் தலைவரையும் குறித்துப் பரந்தது. பிரெஞ்சு மொழியின் 'பியூரோ' துணியில் தொடங்கி மேசைக்கும் அலுவலகத்திற்கும் சென்றதும், தமிழில் 'பீரோ' என அலமாரியில் வந்து நின்றதும் இதனோடு ஒப்பிடத்தக்கவை.

இவற்றைப் பார்த்து, இடத்தின் பெயரால் ஆட்சியைச் சுட்டுவது அயல்மொழி வழக்கு என்று கருதிவிடலாகாது. மன்றோவின் சீர்திருத்தத்திற்கு முன் திருவிதாங்கூரில் வட்டம் ஒன்றன் பெயர் 'மண்டபத்தும்வாதுக்கல்'. 'வாதில்' என்பது மலையாளத்தில் கதவு. 'வாதுக்கல்' என்பது வாயிலிடத்தில் என்னும் இடப்பொருள் வடிவம். மண்டபத்தின் வாயிலில் இருந்து அரசிறை பெற்ற வழக்கமே ஆட்சிப்பிரிவின் பெயராயிற்று. உதுமானியப் பேரரசின் அரசை ஐரோப்பியர் 'உயர் வாயில்' எனப் பொருள்படும் பெயரால் குறித்ததும் இவ்வகையே. நம் காலத்தில் தமிழ்நாட்டு அரசை இதழ்கள் 'கோட்டை' என்பதும், 1640-இல் தோன்றிய ஜார்ஜ் கோட்டையைச் சுட்டிப் பிறந்த ஆகுபெயரே. திருவனந்தபுரத்திலும் செயலகத்தின் எதிரே நிற்கும் மாதவராவ் சிலையால் அப்பகுதி முழுவதும் 'ஸ்டாச்சூ' என்றே பெயர் பெற்றது. செயலகத்தைக் குறிக்க அதன் எதிரிலுள்ள சிலையின் பெயர் அடையாளமாவது இவ்வழக்கின் மேலும் ஒரு படி.

'கச்சேரி' என்னும் சொல்லின் பயணம் தனியே கருதத்தக்கது. தமிழ்நாட்டில் அது அலுவலகப் பொருளைப் பெரும்பாலும் இழந்து இசையரங்கைக் குறிப்பதாயிற்று. பலர் கூடும் அவை என்னும் பொதுப்பொருள் இம்மாற்றத்திற்குப் பாலமாயிற்று எனலாம். சென்னை மயிலாப்பூரின் கச்சேரி சாலை முதலிய ஊர்ப்பெயர்களில் மட்டும் பழம்பொருள் தங்கியுள்ளது. இலங்கையிலோ மாவட்டச் செயலகம் இன்றும் மக்கள் வழக்கில் கச்சேரிதான். 'யாழ்ப்பாணக் கச்சேரி' என்றால் அங்கே எவரும் பாட்டை எண்ணார். ஒரே தமிழ்ச் சொல் நாட்டுக்கு நாடு இவ்வாறு வேறுபட்டு நிற்கிறது.

5. கச்சேரியில் தமிழ்

திருவிதாங்கூர் ஆட்சியில் தமிழின் இடத்தைச் சிலர் மிகையாகவும் சிலர் குறைவாகவும் மதிப்பிட்டுள்ளனர். பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஓலைகள், தமிழும் மலையாளமும் விரவிய நடையை உடையன. நாஞ்சில் நாடும் செங்கோட்டையும் அடங்கிய தமிழ்ப்பகுதிகள் 1956 வரை இத்தலைமை அலுவலகத்தின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. தமிழறிஞராகப் புகழ்பெற்றவரும் திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியருமாகிய மனோன்மணீயம் பெ. சுந்தரம் பிள்ளை (1855-1897), சிறிது காலம் திருவிதாங்கூர் அரசின் வருவாய்ப் பணியிலும் இருந்தார். கல்வெட்டுகளைத் தேடிப் படித்துத் திருவிதாங்கூரின் பண்டை மன்னர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியவர் அவரே. அவர் தொடங்கிய நெறியில் பின்வந்த து.அ. கோபிநாதராவ், திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியில் கருநந்தடக்கன் செப்பேட்டைப் பதிப்பித்தார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் காந்தளூர்ச் சாலை பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். அலுவலகத்தில் இருந்த செப்பேடு ஆய்வுலகின் பொருளானது இவர்களால்.

ஆயின் மறுபக்கமும் கூறப்படவேண்டும். புத்தன் கச்சேரியின் உயர்பதவிகளில் வெளிநாட்டினர், சிறப்பாகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த பிராமணர், மிகுந்திருந்தனர் என்பது உள்நாட்டாரின் குறை. 1891 ஜனவரியில் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மலையாளி மெமோரியல் மன்னரிடம் அளிக்கப்பட்டது. அதுவும் எட்டாத படியில் இருந்த ஈழவர், பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களோடு 1896-இல் தனி விண்ணப்பம் அளித்தனர். அரசுப் பணியும் கல்வியும் தமக்கு மறுக்கப்படுவதே அவர்களது முறையீடு. கோயில் மதிலுக்கு வெளியே கட்டப்பட்ட கட்டடமாயினும், அதன் நாற்காலிகள் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. 866-இன் செப்பேட்டிலும் 95 இடங்களும் மூன்று வேத சரணத்தார்க்கே வகுக்கப்பட்டமை இங்கே நினைக்கத்தக்கது. எவர் ஆட்சி மொழியைக் கற்கலாம், எவர் ஆட்சி அலுவலகத்தில் அமரலாம் என்னும் வினா, செப்பேட்டிற்கும் கச்சேரிக்கும் பொதுவானது.

1949 ஜூலை 1-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. அதன்பின் ஹஜூர் கச்சேரி என்னும் பெயர் நீங்கிச் செயலகம் என்னும் ஆங்கில வழிப் பெயர் நிலைபெற்றது. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. பார்த்திவபுரமும் முஞ்சிறையும் இவ்வாறு ஒரு மாநிலத்திலும், அவ்வூர்ச் செப்பேட்டிற்குப் பெயர் தந்த கட்டடமும் ஆய் மன்னரின் விழிஞமும் மற்றொரு மாநிலத்திலும் அமைந்தன. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமும் அதன் பிந்தைய திருத்தமும், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்திற்குத் தம் மொழியில் எழுதவும் அம்மொழியிலேயே விடை பெறவும் இடமளித்தன. சிற்றூரிலிருந்தோ தேவிகுளத்திலிருந்தோ தமிழில் வரும் மனுவிற்குத் தமிழில் விடை எழுதுதல், இக்கட்டடத்தின் கடமையாகச் சட்டத்தில் இடம்பெற்றது. அவ்வுரிமை ஏட்டளவில் நில்லாது நடைமுறையாவது, தமிழும் மலையாளமும் அறிந்த மொழிபெயர்ப்பாளர் அலுவலகங்களில் இருப்பதைப் பொறுத்தது.

6. மொழிபெயர்ப்பில் எழும் சிக்கல்கள்

மேற்கூறியவற்றால் மொழிபெயர்ப்பாளர் கருத்தில் கொள்ளவேண்டியவை மூன்று.

முதலாவது, 'ஹஜூர்' என்னும் சொல் எல்லா இடத்தும் ஒரே அலுவலகத்தைக் குறிப்பதன்று. சென்னை மாகாண வழக்கில் 'ஹுசூர் சிரஸ்தார்' என்பவர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தைச் சேர்ந்தவர். அங்கே 'ஹுசூர்' என்பது மாவட்டத் தலைமையிடம். திருவிதாங்கூரிலோ அது திவானின் தலைமை அலுவலகம். முன்னதற்கு 'ஆட்சியர் அலுவலகம்' என்றும் பின்னதற்குத் 'தலைமைச் செயலகம்' என்றும் பெயர்த்தாலன்றிப் பொருள் பொருந்தாது.

இரண்டாவது, 'ஹஜூர்' என்னும் அடைபெற்ற செப்பேடுகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. கருநந்தடக்கன் செப்பேடு ஹஜூர் அலுவலகச் செப்பேடு எனப்படும். திருவல்லா கோயிலைப் பற்றிய செப்பேடுகளும் 'ஹஜூர் கருவூலச் செப்பேடுகள்' என்ற பெயர் பெற்றுள்ளன. முன்னது ஆய் நாட்டு ஆவணம். பின்னது வேறு நிலப்பகுதியின், வேறு கோயிலின் ஆவணம். 'ஹஜூர்ச் செப்பேடு' என்று சுருக்கி எழுதுவது இரண்டையும் மயங்கச் செய்யும்.

மூன்றாவது, பெயர் மாற்றம் பற்றியது. ஆவணம் இருந்த இடத்தால் பெயர் பெறுவது ஆய்வு மரபுதான். லண்டன், லெய்டன் முதலிய நகரப் பெயர்களைத் தாங்கிய தென்னிந்தியச் செப்பேடுகள் உண்டு. லெய்டன் செப்பேடு எனப்படுவது நாகப்பட்டினத்து விகாரத்திற்காகச் சோழர் அளித்த ஆனைமங்கலச் செப்பேடே. 'ஆனைமங்கலம்' என்று எழுதும்போது நிலமும் ஊரும் நினைவுக்கு வருகின்றன. 'லெய்டன்' என்று எழுதும்போது நினைவில் நிற்பது அச்செப்பேட்டின் பிற்கால உறைவிடம் மட்டுமே. அவ்வாறே 'பார்த்திவபுரம் செப்பேடு' என்பதை முதற்பெயராகவும், 'ஹஜூர் அலுவலகம்' என்பதைப் பதிப்புக் குறிப்பிற்குரிய துணைப்பெயராகவும் கொள்வது பொருந்தும். பழைய பெயரை முற்றிலும் நீக்குவதும் முறையன்று. நீக்கினால் முன்னோர் ஆய்வுகளோடு தொடர்பு அறும்.

முடிவுரை

திருவனந்தபுரம் செயலகம் 1869 முதல் ஆட்சியின் இடமாக நிற்கிறது. மன்னரின் தர்பாரும் திவானின் அலுவலகமும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரவையும் அடுத்தடுத்து அதே கூரையின்கீழ் இயங்கியுள்ளன. கட்டடம் நின்றபடியே இருக்க, அதன் பெயர்கள் புத்தன் கச்சேரி, ஹஜூர் கச்சேரி, செக்ரட்டேரியட் என மாறின. விழிஞத்திலோ நிலை நேர்மாறானது. ஊர்ப்பெயர் ஆயிரத்திருநூறு ஆண்டுகளாக மாறாதிருக்க, அங்கிருந்து ஆண்டவரின் கட்டடங்கள் மறைந்தன. அவர்கள் ஆட்சியின் எழுத்துச் சான்று மட்டும் அயலிடத்து அலுவலகம் ஒன்றன் பெயரால் நமக்குக் கிடைத்துள்ளது.

2015-இல் கேரள அரசு செய்த ஒப்பந்தத்தின்படி விழிஞ்ஞத்தில் எழுந்த பன்னாட்டுத் துறைமுகம் 2025 மே 2-ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆய் மன்னரின் துறைமுகத்தைப் பற்றிய ஆட்சி ஆவணங்கள் இன்று மீண்டும் பெருகுகின்றன. அவற்றின் மொழி பெரும்பாலும் ஆங்கிலமும் மலையாளமும். கடற்கரையில் வாழ்வோர்க்கு அவை எட்டவேண்டுமாயின் எளிய மொழியில் பெயர்க்கப்படவேண்டும். ஓர் அரசு அலுவலகக் கட்டடத்தின் வரலாற்றை அறிவதன் பயன், தூண்களின் பாணியை அறிவதோடு முடிவதன்று. அங்கே எழுதப்பட்டது எம்மொழியில், யாருக்காக, அதைப் படிக்க யார் இருந்தனர் என்னும் வினாக்களையும் அக்கட்டடத்தின் முன் நின்று கேட்டல் வேண்டும்.